அடைப்புக்குறி இல்லாத அறிவித்தல்

அவர் பேசும்போது வலது கையை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார். தூரத்தில் இருந்து பார்த்தால் கொட்டாவி விடுகிற ஒருவரைப் போலத் தெரியும். பிறக்கும்போதே அவருடைய மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். தையல் நேராக விழவில்லை. பிறகு அதை மறைக்க மீசை வளர்த்தார். மீசையும் அந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும்தான் முளைத்தது.

பிள்ளைகளே, உங்கள் தமிழ்ப் பாடசாலை மலருக்கு ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் ஏதாவது எழுதித் தரும்படி பெற்றோரிடம் கேட்டார்கள். மற்றவர்கள் தாங்கள் பிறந்த ஊர்களைப் பற்றி எழுதுவார்கள். நான் நீங்கள் பிறந்த ஊரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். உங்கள் ஊர் ஸ்காபரோ. அந்தப் பெயருக்கு என்ன கருத்து என்று எனக்குச் சொன்னவர் இந்த மனிதர்தான். ஆகவே ஊரைப் பற்றி எழுத இருந்து இவரைப் பற்றி எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் ரீச்சர் திருத்திவிடுவார்.

நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அதனால் எனக்கு அவருடைய பெயர் தேவைப்படவில்லை. மற்றவர்கள் அவரைப் பட்டம் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு பட்டம் இருக்கும். ஒரே தெருவில் நாலு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் எப்படி அடையாளம் சொல்வது? ஆகவே ஒருவர் நெட்டை, ஒருவர் கறுவல், ஒருவர் தேத்தண்ணி. சில பட்டங்கள் கேட்கச் சிரிப்பாக இருக்கும். சில, கூப்பிடுகிறவருக்கு மட்டும்தான் சிரிப்பாக இருக்கும். இவருடைய பட்டம் அவருடைய உதட்டைப் பற்றியது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று போகப்போக உங்களுக்கு விளங்கும்.

“பிளேனிலை ஏறேக்கை அதை விட்டிட்டு வந்திட்டன் எண்டுதான் தம்பி நினைச்சனான்,” என்று ஒருமுறை சொன்னார். “எயார்போட்டிலை என்னைக் கூட்டிக்கொண்டு போக ஊராள் ஒருத்தன் வந்து நிண்டான். தூரத்திலை நிண்டே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவ்வளவு வெள்ளைக்காரச் சனத்துக்குள்ளையும் அது எனக்குத்தான் எண்டு திரும்பிப் பாத்திட்டன். அதிலைதான் பிழை விட்டிட்டன். திரும்பியிருக்கக் கூடாது.”

சொல்லிவிட்டுக் கைக்குப் பின்னால் சிரித்தார். கண்கள் சிரித்ததைத்தான் நான் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் மில்லிக்கன் பக்கத்தில், கார் திருத்துகிற இடங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்தோம். அங்கே பித்தளைத் தகடுகளில் பெயர் வெட்டுவோம். டொக்டர்மாரின் கதவுக்கு, லோயர்மாரின் மேசைக்கு, பாடசாலைக் கிண்ணங்களுக்கு, இறந்தவர்களின் நினைவாகப் பூங்காவில் போடுகிற இருக்கை வாங்குகளுக்கு. நாய்க் கழுத்தில் தொங்குகிற வில்லைக்கும் வெட்டியிருக்கிறோம். அண்ணை தகட்டை மெஷினில் இறுக்கிவிட்டு, அதில் வரப்போகிற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுவார். சொல்லும்போதும் கை வாய்க்கு முன்னால்தான் இருக்கும். பிறகுதான் வெட்டுவார்.

ஏன் சொல்லுகிறீர்கள் என்று கேட்டேன்.

“காகிதத்திலை எழுதினா அழிக்கலாம். இதிலை வெட்டினா வெட்டினதுதான். ஆளை ஒருக்கால் கூப்பிட்டுப் பாக்கிறது நல்லது.”

நாள் முழுவதும் வெள்ளைக்காரரின் பெயர்களை வெட்டுகிறவருக்கு அந்தப் பெயர்களில் ஆசை வந்தது. நூலகத்தில் பழைய புத்தகங்களைத் தள்ளிவிடுகிற தட்டில் இருந்து ஒரு தடித்த புத்தகம் வாங்கி வந்தார். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் கருத்துச் சொல்லுகிற புத்தகம். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு வகுப்பு மாதிரிப் போய்விட்டது. அவர் சுவரைப் பார்த்தபடி இருந்து சாப்பிடுவார், யாரும் பார்க்கக் கூடாது என்று. சாப்பிட்டு வாய் துடைத்த பிறகுதான் திரும்புவார். திரும்பும்போது மடியில் புத்தகம் இருக்கும்.

“சிமித் எண்டால் கொல்லன், தெரியும்தானே. றசல் எண்டால் செம்பட்டைத் தலையன். கமறன் எண்டால் கோணல் மூக்கன். கேட்டியே தம்பி, கோணல் மூக்கன்!”

“சும்மா சொல்லாதேங்கோ அண்ணை.”

“புத்தகத்திலை கிடக்கு. கென்னடி எண்டால் என்ன தெரியுமே? வடிவில்லாத் தலையன். சிலபேர் தொப்பித் தலையன் எண்டும் சொல்லுகினம். நீ ஒவ்வொரு நாளும் வடிவில்லாத் தலையன் றோட்டாலைதான் வேலைக்கு வாறாய்.”

பிள்ளைகளே, நீங்களும் அந்தக் கென்னடி றோட்டால்தான் போகிறீர்கள்.

எங்கள் முதலாளியின் பெயர் ஆஷ்ரன். உயரமான, அமைதியான மனிதர். அண்ணை ஒருநாள் துணிந்து அவரிடம் போய், உங்கள் பெயருக்கு ஆஷ் மரங்கள் நிற்கிற பண்ணை என்று கருத்து, இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன என்று தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். முதலாளிக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, தன் வீட்டு முன்னால் நின்ற ஒரே ஆஷ் மரத்தை வண்டு அரித்து, போன வருடம்தான் நகரசபை வந்து வெட்டிக்கொண்டு போனது என்றார். என் பெயரையே வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அண்ணையில் அவருக்குத் தனி மரியாதை. ஆனால் கூப்பிடுவது மட்டும் மாறவில்லை.

முதலாளி அண்ணையை அண்ணையின் தகப்பனாருடைய பெயரால்தான் கூப்பிடுவார். உங்கள் பெயர்களைப் பாருங்கள். உங்கள் கடைசிப் பெயர் உங்கள் அப்பாவின் பெயர். அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. வந்து இறங்கியபோது ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொடுத்தோம். அண்ணை முன்னுக்கு எழுத வேண்டியதைப் பின்னுக்கும் பின்னுக்கு எழுத வேண்டியதை முன்னுக்கும் எழுதிவிட்டார். பட்டறையில் தகப்பன் பெயரே அவர் பெயராகப் போய்விட்டது.

“ஐயா ஊரிலை ஒரு நாளும் வேலைக்குப் போகாத மனிசன்,” என்று தகப்பனாரைப் பற்றிச் சொல்வார். “இஞ்சை வந்து ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் செய்யிறார்.”

வேலையில் தகப்பன் பெயர். வெளியில் பட்டம். வீட்டில் கூப்பிட ஆள் இல்லை. அவர் கல்யாணம் செய்யவில்லை. மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். சொந்தம் என்று சொல்ல அக்காவின் மகன் ஒருவன் மட்டும் ஸ்ரௌவ்விலில் இருந்தான்.

ஆனால் பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். கோயிலிலும் விளையாட்டுப் போட்டியிலும் பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடிப்போவார்கள். மிஞ்சின பித்தளைத் துண்டுகளில் அவர்களுடைய பெயர்களை வெட்டிப் பையில் வைத்திருந்து கொடுப்பார். பிள்ளைகள் அந்தப் பட்டத்தைச் சொல்லி, பின்னால் அங்கிள் என்று சேர்த்து, தாங்க்யூ என்பார்கள். அந்தச் சொல்லின் கருத்து அவர்களுக்குத் தெரியாது. இங்கே பிறந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்னதைச் சொன்னார்கள். அவர்களுடைய வாயில் அது அன்பான பெயர்தான். அண்ணை குனிந்து தலையைத் தடவுவார், மற்றக் கையை வாயில் வைத்தபடி.

ஒரு கோடைகாலத்தில் எங்கள் ஆட்களின் விளையாட்டுக் கழகம் ஒன்று கிண்ணம் செய்ய வந்தது. இறந்துபோன ஒரு விளையாட்டு வீரரின் ஞாபகார்த்தக் கிண்ணம். பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் ‘கட்டை’ என்றும் எழுதியிருந்தார்கள். ஆள் குள்ளமாம்.

அண்ணை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழகத்துக்காரரிடம் கேட்டார்.

“உந்த அடைப்புக்குறியை விடுவமோ? செத்த மனிசன்.”

“என்ன அண்ணை பகிடியே? கட்டை எண்டு போடாட்டி ஆரெண்டு ஆருக்குத் தெரியும்? அவரின்ரை மனிசிக்கே தெரியாது!”

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இறந்தவரை மறக்கக் கூடாது என்றுதான் கிண்ணம் செய்ய வந்தவர்கள். அண்ணை தகட்டை இறுக்கினார். பெயரை வாய்விட்டுச் சொன்னார். அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே வெட்டினார்.

அன்றைக்கு அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. பின்னேரம் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்.

“தம்பி, நான் செத்தா றேடியோவிலை சொல்லுவினம். இன்ரநெற்றிலை படம் போடுவினம். பக்கத்திலை அடைப்புக்குறியும் போடுவினம்.”

“ஏன் அண்ணை இப்ப உந்தக் கதை?”

“நீ அதைப் போட விடாதை. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். படம் போடாட்டியும் காரியமில்லை. அம்மா ஐயா வைச்ச பேர் ஒரு நாளைக்கெண்டாலும் தனிய நிக்கட்டும்.”

நான் ஓம், போட விடமாட்டன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொருமுறை ஓம் என்றேன்.

ஸ்காபரோவின் கருத்தைக் கண்டுபிடித்தது அதற்குப் பிந்திய பனிக்காலத்தில். எல்லோருடைய பெயரையும் தேடியவர் தான் இருக்கிற ஊரைத் தேட மறந்திருந்தார். ஒரு மத்தியானம் புத்தகத்தைப் புரட்டியவர் டப்பென்று மூடினார். என்ன என்று கேட்டேன்.

“உந்தப் புத்தகமும் என்னை விடுகுதில்லை,” என்றார். அந்தக் கிழமை முழுவதும் புத்தகம் வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலை வந்தவர் மேல்கோட்டைக் கழற்றவும் இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து, ஏரிக்கரையில் சுவர் மாதிரி நிற்கிற அந்த வெள்ளைக் குன்றுகளைப் பார்த்துவிட்டு வந்தாராம், அந்தக் குளிரில்.

“ஆளுநர் ஒருத்தற்றை மனிசி அந்தக் குன்றைப் பாத்திட்டுத்தான் இங்கிலாந்திலை இருக்கிற ஸ்காபரோ மாதிரிக் கிடக்கெண்டு இதுக்கும் அந்தப் பேரை வைச்சவவாம். சரி, இங்கிலாந்து ஸ்காபரோவுக்கு ஆர் பேர் வைச்சது?”

“தெரியாது அண்ணை.”

“ஆயிரம் வருசத்துக்கு முன்னம் வடக்கிலை இருந்து கப்பலிலை ஒருத்தன் வந்திறங்கினவன். அவன்ரை பட்டம் ஸ்கார்தி. அவன்ரை கோட்டை எண்டதுதான் ஸ்காபரோ. ஸ்கார்தி எண்டால் உதடு பிளந்தவன்.”

நான் அவருடைய வாயைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

“எல்லாரும் ஒத்துக்கொள்ளேல்லையாம்,” என்று அவரே தொடர்ந்தார். “மலையிலை இருக்கிற வெட்டு எண்டும் சிலர் சொல்லுகினம். நான் மற்றதைத்தான் எடுக்கிறன். பார் தம்பி, ஆரோ அவன்ரை வாயைப் பாத்துப் பகிடி பண்ணினாங்கள். அந்தப் பகிடியிலை ஒரு கோட்டை. பிறகு ஒரு ஊர். அந்த ஊரிலை இருந்து வெளிக்கிட்ட சனத்துக்குக் குடும்பப் பேர். பிறகு கடல் தாண்டி இஞ்சை வந்து இன்னொரு ஊர். பஸ்ஸின்ரை நெத்தியிலை எழுதிக்கொண்டு திரியிறாங்கள். ஒருத்தரும் சிரிக்கிறாங்களில்லை!”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய இரண்டு கைகளும் மேல்கோட்டின் பைக்குள் இருந்தன. அந்தச் சிரிப்பை முழுதாக நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். மேலுதடு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி, ஒரு பல் தெரிந்தது. அவ்வளவுதான். இவ்வளவு காலம் மறைத்துவைக்க அதில் ஒன்றும் இல்லை.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “அப்ப அண்ணை, இனி உங்கடை பட்டத்தை ஆர் சொன்னாலும் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. அவனை மாதிரி நீங்களும் நெஞ்சை நிமித்திக்கொண்டு…”

அவருடைய கை பையில் இருந்து வெளியே வந்து பழைய இடத்துக்குப் போனது.

“இல்லைத் தம்பி. அவனுக்கு அது எப்பிடி இருந்ததெண்டு புத்தகத்திலை இல்லை.”

பிறகு மேல்கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அண்ணை வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். நீண்ட காலம் கிடக்கவில்லை. அவர் போனதும் ஸ்ரௌவ்விலில் இருந்து மருமகன் எனக்குப் போன் எடுத்தான். சின்ன வயதில் இங்கே வந்தவன், நல்ல பிள்ளை. மரண அறிவித்தலை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினான். பெயர் வந்தது. அடைப்புக்குறிக்குள் பட்டமும் வந்தது.

“தம்பி, அதை எடுத்துவிடுங்கோ,” என்றேன்.

“அங்கிள், அது இல்லாட்டி ஹூ இஸ் திஸ் எண்டு கேப்பினம். எனக்கே மாமான்ரை முழுப்பேர் லைசன்ஸைப் பாத்துத்தான் தெரியும்.”

“அவர் கேட்டவர். என்னட்டைச் சொல்லி வைச்சவர்.”

“கேட்டவர், ஓகே. ஆனா பிராக்டிக்கலா யோசியுங்கோ அங்கிள். சனம் வரவேணும்தானே? தனிய இருந்த மனிசன். கடைசியா ஒருக்காலெண்டாலும் சனம் வந்து பாக்க வேண்டாமே?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் அண்ணைக்காகத்தான் கதைத்தோம். கடைசியில் அவன், “சரி, உங்கடை விருப்பம்,” என்றான். அடைப்புக்குறியை எடுத்துவிட்டான். படம் ஒன்று போட்டான், பழைய லைசன்ஸ் ஒன்றில் இருந்த படம். மீசை வைக்க முந்தியது. வாயை மறைக்கிற கையும் இல்லை. அந்த முகத்தை யாரும் பார்த்ததில்லை.

றேடியோவில் காலையும் மாலையும் அந்தப் பெயர் தனியாக நின்றது. நான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டேன். நல்ல பெயர் பிள்ளைகளே. அறிவிப்பாளர் அழகாகச் சொன்னார்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று பெரிய மண்டபம் எடுத்திருந்தோம். தேவாரம் பாட ஒருவர் வந்திருந்தார். மருமகன் குடும்பம், அண்ணை இருந்த வீட்டுக்காரர்கள், நான், என் மனைவி, இன்னும் சிலர். ஆள் உட்காராத கதிரைகள் பின்னால் வரிசையாக இருந்தன. வாசலில் கார் வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மருமகன் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. ஒருமுறை பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே காற்று வாங்கப் போனேன். வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் முதலாளி ஆஷ்ரன் கையில் பூக்களோடு நின்றார், பனி தோளில் விழ விழ. ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். உள்ளே போனேன், பெயர்ப் பலகையில் வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது, தவறான இடத்துக்கு வந்துவிட்டேன் போல, என்றார். அவருக்குத் தெரிந்தது தகப்பனாரின் பெயர் மட்டும்தான். அது பலகையில் கடைசியில், சின்ன எழுத்தில் இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, பூக்களை மார்போடு பிடித்தபடி, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

வெயில் காலம் வந்த பிறகு, மில்லிக்கனில் உள்ள மரக்கறிக் கடையில் ஒரு அம்மா என்னை மறித்தார். அவருடைய மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளிலும் அண்ணை வெட்டிய பித்தளைத் துண்டுகள் தொங்குகின்றன.

“எங்கை அவரைக் காணேல்லை?” என்று பட்டத்தைச் சொல்லிக் கேட்டார். “பிள்ளையள் கேட்டுக்கொண்டே இருக்குதுகள்.”

சொன்னேன். அவருடைய கையில் இருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது.

“ஐயோ, எப்ப? ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“றேடியோவிலை போனது அக்கா.”

பெயரைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

“அது இவரே? நான் கேட்டனான் தம்பி. அடுப்படியிலை நிண்டு கேட்டனான். ஆரோ பாவம் எண்டு நினைச்சுக்கொண்டு கறியைக் கிளறினன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பனே. இவ்வளவு கிட்டத்திலை இருந்து… ஒரு பேரைப் போட்டிருந்தா என்ன, தம்பி? அதை ஆர் வேண்டாமெண்டது?”

அண்ணை கேட்டது ஒன்றே ஒன்று. அது அப்படியே நடந்தது. அந்தப் பெயர் தனியாகத்தான் நின்றது.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லை. பட்டத்தை எழுதினால் உங்கள் அம்மா அப்பா எல்லோருக்கும், ஓ, அவரா என்று உடனே தெரிந்துவிடும். அதை எழுத எனக்கு உரிமை இல்லை. அம்மா ஐயா வைத்த பெயரை எழுதினால் நீங்கள் யாரோ பாவம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அது மறுபடியும் நடக்க வேண்டாம். உங்களில் யாருடைய பையிலாவது பித்தளைத் துண்டு தொங்கினால், அதைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒன்றும் இருக்காது. அவர் தன் பெயரை எங்கும் வெட்டவில்லை. முன்பக்கம் உங்களுடைய பெயர் இருக்கும். அதை அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வெட்டியிருப்பார்.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்த மனிதனுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதுவும் புத்தகத்தில் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தத் திங்கட்கிழமை அண்ணை அதைத் தேடிப் பிடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். இதை எழுதத் தொடங்கிய நாளில் இருந்து யோசிக்கிறேன். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.